28 நாளில் முடியும் மாதம்: வாசகர் கேள்வி பதில்

செல்போன், இணையம், பணம் அனுப்பும் செயலிகள் பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில, எங்கள் தொழில்நுட்பப் பக்கக் குழுவின் பதில்களுடன்.

மாதம் என்றால் 30 நாள் அல்லது 31 நாள். செல்போன் கம்பெனிக்கு மட்டும் 28 நாள் எப்படி மாதம் ஆனது? இதை யாரும் கேட்க மாட்டார்களா?
*– வாசகர், திருமங்கலம்*

கேட்டார்கள், உத்தரவும் போட்டார்கள். ஆனால் அந்த உத்தரவின் பலன் உங்கள் கண்ணில் படாத மூலையில் கிடக்கிறது.

முதலில் கணக்கு. 365ஐ 28ஆல் வகுத்தால் 13 வருகிறது. ஒரு பேக் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 3,600 ரூபாய்தான் ஆக வேண்டும். 28 நாள் கணக்கில் 13 முறை போட்டு 3,900 ரூபாய் கட்டுகிறீர்கள். நூற்றுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கூடுதல், விலைப்பட்டியலில் ஒரு பைசாகூட ஏற்றாமல்! 56 நாள், 84 நாள் பேக்குகளும் இதே 28இன் மடங்குகள்தாம். 'நான்கு வாரம், ஒவ்வொரு முறையும் ஒரே கிழமை' என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். வாரக்கூலி வாங்குபவருக்கு அது பொருந்தக்கூடும். மாதச் சம்பளக்காரருக்கு என்ன செய்வது?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரி 27 அன்று ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் திட்ட வவுச்சர், சிறப்புக் கட்டண வவுச்சர், காம்போ வவுச்சர் ஆகிய மூன்று ரீசார்ஜ் வகையிலும் 30 நாள் செல்லுபடியாகும் பேக் குறைந்தது ஒன்று வைத்திருக்க வேண்டும். மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக்கும் குறைந்தது ஒன்று வேண்டும். 'குறைந்தது ஒன்று' என்ற இரண்டு சொல்லில்தான் சூட்சுமம். நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒன்றை வைத்துவிட்டு, விளம்பரத்துக்கு 28 நாளையே முன்னே நிறுத்துகின்றன.

தேடி எடுக்கும் வழி: நிறுவனத்தின் செயலியில் 'பரிந்துரை', 'அதிகம் விற்பவை' என்ற பட்டியல்களைத் தாண்டி எல்லா பேக்குகளும் உள்ள பக்கத்துக்குப் போங்கள். செல்லுபடிக் காலப்படி வடிகட்டும் வசதி இருந்தால் 30 நாள் என்று கொடுங்கள். அதே தேதிப் பேக்கில் '1 மாதம்' அல்லது 'காலண்டர் மாதம்' என்று போட்டிருக்கும். 31ஆம் தேதி போட்டால் பிப்ரவரியில் கடைசி நாளில் புதுப்பிக்க வேண்டிவரும்.

அவசரப்பட்டு வாங்கிவிடவும் வேண்டாம். 30 நாள் பேக்கில் தினசரி டேட்டா குறைவாகவோ, மொத்த டேட்டாவாகவோ இருக்கலாம். விலையை நாட்களால் வகுத்து ஒரு நாள் விலையைப் பாருங்கள், பிறகு ஒரு நாளைக்கு உங்களுக்கு உண்மையில் எவ்வளவு டேட்டா செலவாகிறது என்பதை போன் அமைப்புகளில் பாருங்கள். 2 ஜிபி பேக் போட்டுவிட்டு 600 எம்பி செலவழிப்பவருக்கு 28ஆ 30ஆ என்பது இரண்டாவது பிரச்சினைதான். பழைய பேக் முடியும் முன்பே புதியதைப் போட்டால் அது வரிசையில் காத்திருக்குமா, உடனே தொடங்கிவிடுமா என்பதையும் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

கடைக்கு வரும் போன், மாவுக் கையைத் துடைத்துவிட்டு எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது. மணி எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்று விதி உண்டா?
*– சேவுக்கடைக்காரர், சாத்தூர்*

உண்டு. கூப்பிட்டவர் துண்டிக்காதவரை, எடுக்கப்படாத அழைப்பு செல்போனுக்கு 30 விநாடி, தரைவழி போனுக்கு 60 விநாடி ஒலிக்க வேண்டும். 2019 நவம்பர் 1 அன்று டிராய் வகுத்தது இது. அதற்கு முன் இந்தியாவில் இப்படி ஒரு விதியே கிடையாது. தேவைப்பட்ட காரணம் சுவாரசியமானது.

ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் இன்னொரு நிறுவனத்தின் சந்தாதாரரைக் கூப்பிட்டால், அழைப்பு போய் முடியும் நிறுவனத்துக்குத் தொடங்கிய நிறுவனம் நிமிடத்துக்கு இத்தனை பைசா தர வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. ஐயுசி என்பார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அது 14 பைசா. ஜியோ தன் வாடிக்கையாளர்களுக்குப் பேச்சை இலவசமாகக் கொடுத்ததால் அழைப்புகள் அங்கிருந்து வெளியே கொட்டின, பணமும் கூடவே வெளியே போனது. பழைய நிறுவனங்களுக்கு அது வரவு. 2017 அக்டோபர் 1 முதல் டிராய் அதை 6 பைசாவாகக் குறைத்தது. 2020 தொடக்கத்தில் பூஜ்யமாக்குவதாகவும் சொல்லி, பிறகு தள்ளிப்போட யோசித்தது.

இந்த இழுபறியின் நடுவில்தான் மணியின் நீளம் குறைந்தது. மணி சீக்கிரம் நின்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். எடுக்க முடியாதவர் மிஸ்டு கால் பார்த்துத் திருப்பிக் கூப்பிடுவார். இப்போது அழைப்பைத் தொடங்கியது அவருடைய நிறுவனம். பணம் போகும் திசையே மாறிவிட்டது! ஜியோ மணியை 20 விநாடி அளவுக்குக் குறைத்தது. 'இது ஐயுசி கணக்கைத் திருப்பும் வேலை' என்று குறைகூறிய ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் பிறகு தாங்களும் 25 விநாடிக்கு இறங்கின. கிணற்றடியில் வாளிக் கயிற்றை ஆளாளுக்கு வெட்டிக்கொண்ட கதை. 2019 அக்டோபரில் ஜியோ பிற நிறுவன எண்களுக்கான அழைப்புக்குத் தன் வாடிக்கையாளரிடமே நிமிடத்துக்கு 6 பைசா வாங்கத் தொடங்கியதும் இதன் தொடர்ச்சிதான். 2021 ஜனவரி 1 முதல் ஐயுசி பூஜ்யம் ஆனது. மணியைக் குறைப்பதில் இப்போது யாருக்கும் ஆதாயம் இல்லை.

ஆகவே உங்கள் கடையில் மணி 30 விநாடிக்கு முன் நிற்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் போனுக்குள்ளேயே இருக்கும். வேறு நிறுவன எண்ணிலிருந்து கூப்பிடச் சொல்லி விநாடி எண்ணிப் பாருங்கள். 15, 20 விநாடியில் நிற்கிறது என்றால், அழைப்பு அமைப்புகளுக்குள் போய் 'அழைப்பு பகிர்தல்' பகுதியில் 'பதிலளிக்காதபோது' என்ற வரியில் ஏதாவது எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அங்கே குறித்த விநாடி கடந்ததும் அழைப்பு அந்த எண்ணுக்குப் போய்விடுகிறது. எண்ணை அணைத்துவிடுங்கள். எந்த எண் என்றே தெரியாவிட்டால் ##002# அடித்தால் எல்லா பகிர்தலும் ரத்தாகும். ஒரு எச்சரிக்கை: பகிர்தலை இயக்கும் குறியீட்டை அடிக்கச் சொல்லி யாராவது போனில் கேட்டால் அடிக்காதீர்கள். ஓடிபி அழைப்புகளைத் தன் பக்கம் திருப்பும் மோசடி அது. *401# குறியீட்டின் வழியே பகிர்வதை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை சொன்னதும் இதனால்தான்.

போனில் எதுவும் இல்லை, மணி இன்னும் குறைகிறது என்றால் 198க்கு கூப்பிட்டுப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பதிலில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். டிராய்க்கு நேராக எழுதுவதில் பயன் குறைவு. தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை.

என் அம்மாவிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அதற்கு ஏன் டேட்டா பேக் போட வேண்டும்? முன்பு 'லைஃப்டைம்' சிம்மில் இன்கமிங் சும்மா வந்ததே?
*– வாசகர், பரமக்குடி*

சும்மா வரவில்லை. மேலே சொன்ன ஐயுசிதான் அதற்குப் பணம் கொடுத்தது. உங்கள் அம்மாவுக்கு யாராவது வேறு நிறுவனத்திலிருந்து கூப்பிட்ட ஒவ்வொரு நிமிடமும் அவருடைய நிறுவனத்துக்கு வரவு. ரீசார்ஜே செய்யாத சந்தாதாரரும் லாபம்தான். அந்த வரவு 14 பைசாவிலிருந்து 6 ஆனதும், இன்கமிங் மட்டும் வாங்குபவர் நிறுவனத்தின் கண்ணில் வெறும் செலவாகிவிட்டார். 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 35 ரூபாய் குறைந்தபட்ச ரீசார்ஜ் கொண்டுவந்தன. கட்டாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும். அந்த 35 ரூபாய்தான் பின்னால் வளர்ந்து வளர்ந்து டேட்டாவும் சேர்ந்த பேக்காக வந்து நிற்கிறது.

டேட்டா வேண்டாதவருக்கு 2024 டிசம்பர் 23 அன்று டிராய் ஒரு வழி திறந்தது. குரலும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக் குறைந்தது ஒன்றாவது எல்லா நிறுவனமும் தர வேண்டும். இவ்வகை வவுச்சர்களின் உச்சகட்டச் செல்லுபடிக் காலம் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்ந்தது. 2025 ஜனவரியில் பேக்குகள் வந்தன. டேட்டாவை எடுத்துவிட்டு விலையை அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று சத்தம் எழுந்ததும் சில நாளில் விலை திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஏர்டெல் 365 நாளுக்கு 1,959 ரூபாயை 1,849 ஆக்கியது. ஒரு நாளைக்கு 5.37 ரூபாயிலிருந்து 5.07 ரூபாய். ஜியோ 1,958 ரூபாய் பேக்கை எடுத்துவிட்டு 1,748 ரூபாய்க்கு ஒன்று போட்டது. 210 ரூபாய் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் செல்லுபடி 365 நாள் இல்லை, 336 நாள். 336 என்பது 28ஐ 12ஆல் பெருக்கினால் வருவது! ஒரு நாள் விலையில் உண்மையில் குறைந்தது 16 பைசாதான். இன்றைய விலைகள் மாறியிருக்கும். வகுத்துப் பார்க்கும் பழக்கத்தை மாற்ற வேண்டாம்.

எண்ணை இழக்காமல் வைத்திருப்பது மட்டும் போதும் என்றால் இன்னொரு விதி இருக்கிறது. ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாவிட்டால்தான் முடக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருப்பு இருந்தால் முடக்கக் கூடாது. அதில் எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். இந்த இருப்பு பேக்கில் சேராது, 'டாக்டைம்' டாப்-அப் ஆகத் தனியாகப் போட வேண்டும். ஆனால் இது எண்ணைக் காப்பாற்றுமே தவிர இன்கமிங்கைத் திறக்காது. அம்மாவுக்கு வங்கி ஓடிபி வர வேண்டும் என்றால் குரல் பேக்தான் வழி.

நம்பரை மாற்றாமல் கம்பெனி மாற வேண்டும். கஸ்டமர் கேரில் பேசியே ஓட்டுகிறார்கள்.
*– வாசகி, தாராபுரம்*

அவர்களிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கிலத்தில் PORT என்று பெரிய எழுத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணை எழுதி 1900க்கு குறுஞ்செய்தி அனுப்புங்கள். 8 எழுத்துக் குறியீடு ஒன்று வரும். தமிழ்நாட்டில் அதற்கு 4 நாள் ஆயுள். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடையில் அடையாளச் சான்றோடு கொடுங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாற 3 வேலை நாள், வேறு மாநிலத்துக்கு 5 வேலை நாள்.

குறியீடு வராமல் போவதற்குக் காரணங்கள்: இந்த நிறுவனத்துக்கு வந்து 90 நாள் ஆகவில்லை, போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கிறது, சிம் வேறொருவர் பெயரில் இருந்து மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது, அல்லது சிம் கார்டை மாற்றி 7 நாள் ஆகவில்லை. கடைசி விதி 2024 ஜூலை 1 முதல் வந்தது. திருட்டு சிம் எடுத்து எண்ணைக் கடத்துவதைத் தடுக்க. சலுகை தருகிறோம், இருங்கள் என்று இடையில் அழைப்பு வரும். உண்மையிலேயே நல்ல சலுகை என்றால் குறுஞ்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள்.

ஒரு பாட்டுச் செயலியை மட்டும் டேட்டா கணக்கில் சேர்க்காமல் இலவசமாகத் தந்தால் எங்களைப் போன்ற மாணவர்களுக்கு நல்லதுதானே? அதை ஏன் தடுக்கிறார்கள்?
*– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்*

இன்றைக்கு உங்களுக்கு நல்லது. நாளைக்கு உங்கள் வகுப்புத் தோழி ஒரு பாட்டுச் செயலி தொடங்கினால் அவருக்குக் கெட்டது. அவருடைய செயலியைத் திறந்தால் டேட்டா தீரும், பெரிய நிறுவனத்துடையதைத் திறந்தால் தீராது. எது ஜெயிக்கும் என்பதைப் பாட்டு தீர்மானிக்காது, சிம் கம்பெனியோடு யார் ஒப்பந்தம் போட்டார் என்பதுதான் தீர்மானிக்கும்.

இந்தச் சண்டை இங்கே 2015இல் நடந்தது. அந்த ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ வந்தது. செயலி நிறுவனம் காசு கட்டும், பயனாளருக்கு டேட்டா இலவசம். அதே ஆண்டு ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தைக் கொண்டுவந்து, பிறகு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றியது. 'ஏழைக்கு இணையம்' என்று முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே டிராயின் ஆலோசனைத் தாளுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் எதிர்த்துக் குவிந்திருந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது என்று டிராய் விதி செய்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். அபராதம் அற்பம்தான். ஆனால் திட்டம் மூடப்பட்டது. எல்லா உள்ளடக்கத்தையும் பாகுபாடில்லாமல் நடத்த வேண்டும் என்ற இந்த இணையச் சமநிலைக் கொள்கை 2018இல் உரிம நிபந்தனைகளிலும் ஏறிவிட்டது.

ஓட்டைகள் இல்லாமல் இல்லை. நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள்ளேயே இருந்து, இணையத்தைத் தொடாத உள்ளடக்கம் இந்த விதியில் வராது. பேக்கோடு சினிமாச் செயலியின் சந்தாவைச் சேர்த்துத் தருவதும் தடையில்லை. அங்கே இலவசம் சந்தாதான், பார்க்கும்போது டேட்டா வழக்கம்போல் குறையும். உங்கள் பேக் எந்த வகை என்று சோதிக்க, இருப்பு டேட்டாவைக் குறித்துக்கொண்டு அந்தச் செயலியில் 10 நிமிடம் பாட்டு கேட்டுவிட்டு மறுபடி பாருங்கள்.

அமெரிக்காவில் இதே கொள்கை 2015இல் வந்து, 2017இல் ஆட்சி மாறியதும் நீங்கி, 2024இல் திரும்ப வந்து, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது. விதி ஒன்று எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதற்கு எந்த ஊரிலும் உத்தரவாதம் கிடையாது.

யுபிஐக்குக் கட்டணம் வரப்போகிறது என்று அடிக்கடி வதந்தி. இலவசமாக நடத்துகிறவர்களுக்கு என்ன லாபம்? சவுண்ட்பாக்ஸுக்கு மட்டும் மாதாமாதம் பிடிக்கிறார்கள்.
*– பெட்டிக்கடைக்காரர், கும்பகோணம்*

உங்கள் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

கார்டு தேய்த்தால் வணிகரிடமிருந்து வங்கி தொகையில் இத்தனை சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். யுபிஐயிலும் ரூபே டெபிட் கார்டிலும் அதைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 1 முதல் சட்டம். ஆக, இலவசம் என்பது நிறுவனங்களின் தாராளம் இல்லை, அரசின் கட்டளை. நஷ்டத்துக்கு ஒரு பகுதியை அரசு மானியமாகத் தருகிறது. 2024-25க்கு 1,500 கோடி ரூபாய் அளவில் ஒதுக்கினார்கள். சிறு வணிகருக்கு வரும் 2,000 ரூபாய்க்கு உட்பட்ட பணத்துக்கு 0.15 சதவீதம். உங்கள் கடையில் ஒருவர் 1,000 ரூபாய் கட்டினால் ஒன்றரை ரூபாய். அதையும் வங்கிகளும் செயலிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, பரிமாற்றத் தோல்வி குறைவாகவும் சேவை தடையில்லாமலும் இருந்தால்தான் கிடைக்கும்.

மீதியை எங்கே எடுப்பார்கள்? சவுண்ட்பாக்ஸ் வாடகை, கடைக்காரர் கடன், ரீசார்ஜுக்கு 'பிளாட்பார்ம் கட்டணம்', காப்பீடு, தங்கம். ஃபோன்பே, கூகுள் பே இரண்டும் சேர்ந்து பரிமாற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கின்றன. ஒரு செயலிக்கு 30 சதவீத உச்சவரம்பு என்று 2020இல் அறிவித்தார்கள். கெடு தள்ளிப் போய்த் தள்ளிப் போய் 2026 டிசம்பர் வரை வந்துவிட்டது. வாடிக்கையாளரை வலுக்கட்டாயமாக வேறு செயலிக்குத் தள்ள முடியாதல்லவா? வரம்பு காகிதத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கட்டணம் உள்ள இடங்களும் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து வந்தால் இல்லை. வாலெட்டிலிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 1.1 சதவீதம் வரை வணிகர் பக்கம் விழும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கட்டினாலும் பெரிய தொகைக்கு உண்டு. வாங்க வந்தவரிடம் அதை வசூலிக்கக் கூடாது.

சவுண்ட்பாக்ஸ் பற்றி: க்யூஆர் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் எந்தச் செயலியிலிருந்தும் பணம் வரும். ஆனால் பெட்டி தன் நிறுவன க்யூஆருக்கு வந்த பணத்தை மட்டுமே சொல்லும். இரண்டு அட்டை ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு பெட்டி வைத்திருப்பவர்கள்தான் 'பணம் வந்தது, பெட்டி பேசவில்லை' என்று தவிக்கிறார்கள். வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: வாடகை எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் பிடிப்பார்கள், பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்குத் தனியாக உண்டா, திருப்பிக் கொடுத்தால் எந்த நாளிலிருந்து வாடகை நிற்கும். திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்காவிட்டால் பெட்டி போன பிறகும் வாடகை போகும்.

புது போனில் நான் கேட்காத செயலிகள் இருபது. நீக்கவும் முடியவில்லை.
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவகோட்டை*

குறைந்த விலை போனில் லாபம் மெல்லியது. செயலி நிறுவனங்கள் தரும் நிறுவல் கட்டணத்தில் அதை ஈடுகட்டுகிறார்கள். கூகுளின் சங்கதி வேறு. பிளே ஸ்டோர் வேண்டும் என்றால் மற்ற கூகுள் செயலிகளையும் கொத்தாக வைக்க வேண்டும் என்று போன் தயாரிப்பாளர்களைக் கட்டிப்போட்டதற்காக 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பிறகு தனித்தனியாக உரிமம் வாங்கலாம் என்றது கூகுள்.

அரசும் இந்த ஆசையிலிருந்து தப்பவில்லை. தன் சஞ்சார் சாத்தி செயலியைப் புது போன்களில் முன்கூட்டியே போட வேண்டும் என்று 2025 நவம்பரில் உத்தரவிட்டு, எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3 அன்று திரும்பப் பெற்றது. அதன் சேவை என்னவோ உபயோகமானதுதான்: உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம், தொலைந்த போனை முடக்கலாம். அதற்குச் செயலி தேவையில்லை, இணையதளமே போதும். *#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். முடக்க விண்ணப்பிக்கும்போது அதோடு போலீஸ் புகார் நகலும் கேட்பார்கள்.

செயலியை நீட்டி அழுத்தி 'நீக்கு' வராவிட்டால், அமைப்புகளில் 'முடக்கு' கொடுங்கள். அதுவும் மங்கலாக இருந்தால் அறிவிப்பு அனுமதியையும் பின்னணி டேட்டாவையும் நிறுத்திவிடலாம். பெரிய மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு 'பரிந்துரைக்கும் செயலிகள்' என்று ஒரு பக்கம் வரும், எல்லாக் கட்டத்திலும் முன்பே டிக் போட்டிருக்கும். எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

2018இல் எங்கள் ஊரில் நெட்டை நிறுத்தியபோது வியாபாரமே நின்றது. மறுபடி நடந்தால் பணம் கொடுக்க வாங்க என்ன வழி? யார் உத்தரவில் நிறுத்தலாம்?
*– வாசகர், தூத்துக்குடி*

அன்று தூத்துக்குடியோடு திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் நிறுத்தினார்கள். இப்போது 2024 நவம்பரில் வந்த விதிகள் நடப்பில் உள்ளன. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளரின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். ஒரு தடவைக்கு 15 நாள்தான் உச்சம். காரணத்தோடு உத்தரவை வெளியிட வேண்டும், மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். வெளியிட வேண்டும் என்பது 2020 ஜனவரி 10 அன்று காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் அங்கே 4ஜி திரும்ப 2021 பிப்ரவரி ஆனது.

நிறுத்தம் பெரும்பாலும் மொபைல் டேட்டாவுக்குத்தான். ஃபைபர் பிராட்பேண்ட் பல சமயம் ஓடும், உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் இல்லாதபோது *99# இருக்கிறது. டேட்டா இல்லாமல் 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். வங்கியில் பதிந்த அதே சிம்மிலிருந்து அடிக்க வேண்டும். யுபிஐ பின் இல்லாதவர் டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதித் தேதியும் கொடுத்து முதலில் உருவாக்க வேண்டும். மெனு சில விநாடி காத்திருந்துவிட்டு அறுந்துவிடும், அதனால் அனுப்ப வேண்டிய எண்ணையும் தொகையையும் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எல்லா நிறுவன சிம்மிலும் இது ஓடுவதில்லை. நெட் இருக்கும் ஒரு நாளிலேயே வீட்டுக்குள் ஒருவருக்கு ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துவிடுங்கள்.